ஒரே வண்டி, நாலு தேய்மானம்: எதை எங்கே கணக்கில் எடுப்பது?

டயரைக் குனிந்து பார்த்துவிட்டு "தேஞ்சிருச்சு" என்பார் மெக்கானிக். அடிபட்ட வண்டியைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் "தேய்மானம் போக இவ்வளவுதான் வரும்" என்பார். மார்ச் மாதம் ஆடிட்டர் "காருக்குத் தேய்மானம் போட்டாச்சு" என்பார். பழைய வண்டி வாங்க வருகிறவரும் அதே சொல்லைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார். நால்வரும் ஒரே காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் மெக்கானிக்குடையது மில்லிமீட்டர் கணக்கு. சர்வேயருடையது பாலிசியில் அச்சிட்ட அட்டவணை. ஆடிட்டருடையது வருமான வரிச் சட்டம் சொல்லும் சதவீதம். வாங்குகிறவருடையது சந்தை. ஒருவருடைய எண்ணை இன்னொருவரிடம் கொண்டுபோனால் பணம்தான் போகும்.

ஒரு சிறு வியாபாரியின் 1,200 சி.சி. பெட்ரோல் காரை வைத்து நாலையும் போட்டுப் பார்ப்போம். ஷோரூம் விலை 8 லட்சம் ரூபாய். வாங்கி 3 வருடம் 4 மாதம் ஆகிறது, ஓடியது 30,000 கிலோமீட்டர்.

மெக்கானிக் சொல்லும் தேய்மானம்

முதலில் டயர். புது கார் டயரில் பட்டனின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. இருக்கும். பட்டன்களுக்கு நடுவே ஓடும் பெரிய பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவை எங்கே என்று காட்ட டயரின் பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ சின்ன முக்கோணமோ அச்சிட்டிருப்பார்கள். அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

அளப்பதற்கு டெப்த் கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள், விலை அதிகமில்லை. ஸ்டீல் ஸ்கேலால் அளப்பதாக இருந்தால் பூஜ்ஜியம் சரியாக ஓரத்திலேயே தொடங்குகிறதா என்று பாருங்கள். பல ஸ்கேல்களில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் தொடங்கும், அளவு தப்பிவிடும். கேஜின் முனை மேட்டின் மீது உட்காராமல் பள்ளத்தின் அடியைத் தொட வேண்டும். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று அளவு எடுங்கள். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, சுற்றில் இன்னும் இரண்டு இடத்தில் இதையே செய்யுங்கள். இருப்பதிலேயே குறைந்த அளவுதான் அந்த டயரின் அளவு. சராசரி எடுத்தால் ஏமாறுவீர்கள்.

நம் காரில் புதிதாக 8 மி.மீ. இருந்த டயர் 30,000 கி.மீ. ஓடி 4 மி.மீ.க்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. தேய 30,000 கி.மீ. என்றால் ஒரு மி.மீ.க்கு 7,500 கி.மீ. இன்னும் 1.6 வரை இருப்பது 2.4 மி.மீ., அதாவது 18,000 கி.மீ. காகிதத்தில் சரிதான். ஆனால் மழைக்காலத்தில் ரோட்டில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது இந்தப் பள்ளங்கள்தான். 3 மி.மீ.க்குக் கீழே போனதும் அந்த வேலை வெகுவாகக் குறைந்து, வேகத்தில் டயர் தண்ணீர் மேலேயே வழுக்கத் தொடங்கும். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர் 3 மி.மீ.யை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் நம் டயருக்கு இன்னும் 7,500 கி.மீ.தான். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே மாற்றிவிடலாம்.

எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட எப்படித் தேய்ந்தது என்பது அதிகம் பேசும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும், அதுவும் உள் ஓரம் மொட்டையாகியிருந்தால் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. இது வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக் கையை உள்ளே விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் பட்டால் டோ, அதாவது சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும் கோணம், சரியில்லை. மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும், அல்லது வீல் பேலன்சிங் இருக்காது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

காற்றை டயர் சூடேறும் முன், ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துப் பிடிக்கச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் கடைக்காரர் முன்னால் மாட்டவே பார்ப்பார். பின்னால் மாட்டச் சொல்லுங்கள். ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரால் வண்டியைப் பிடிக்க முடியாது.

அடுத்தது பிரேக் பேட். புதிதில் உராயும் பகுதி சுமார் 10, 11 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். அலாய் வீல் என்றால் டார்ச் அடித்து இடைவெளி வழியாகவே வெளிப்பக்கப் பேடைப் பார்த்துவிடலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் தப்பு. காலிப்பரை, அதாவது பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிடியை, நகரவிடும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் தனியாகத் தேயும். வெளியே 6 மி.மீ. தெரியும்போது உள்ளே தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருக்கும். சர்வீசில் வீலைக் கழற்றி இரண்டையும் பார்த்து அளவை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு, அது டிஸ்க்கின் ஓரத்திலேயோ நடுப்பகுதியிலேயோ பொறிக்கப்பட்டிருக்கும். விரலால் தடவினால் ஓரத்தில் வரம்பு மாதிரி ஒன்று தட்டுப்படும். அது உயர்ந்துகொண்டே போனால் டிஸ்க் தேய்கிறது என்று அர்த்தம்.

பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மெல்ல மெல்ல இறங்கும். லீக் இல்லாமலும் இறங்கும். பேட் தேயத் தேய காலிப்பருக்குள் பிஸ்டன் வெளியே வருகிறது, அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்துப் பயந்து மேக்சிமம் கோடு வரை ஆயில் ஊற்றிவிட்டால், அடுத்த முறை புதுப் பேட் மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். மட்டம் இறங்கினால் முதலில் பேடை அளக்க வேண்டும். பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால்தான் லீக்கைத் தேட வேண்டும்.

கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஏற்றத்தில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது.

சர்வேயர் கழிக்கும் தேய்மானம்

இன்சூரன்சில் ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். ஓடி ஓடித் தேய்ந்த எதற்கும் இன்சூரன்ஸ் பணம் தராது. விபத்தில் அடிபட்டதற்குத்தான் தரும், அப்போதும் பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போடுவதால் ஒரு பகுதியை உங்கள் தலையில் கட்டும். அந்தப் பகுதிக்குத்தான் இங்கே தேய்மானம் என்று பெயர். பாகம் உண்மையில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. பாகம் எதனால் ஆனது, வண்டிக்கு வயது என்ன, இந்த இரண்டுதான் கேள்வி.

பாலிசிப் பத்திரத்தில் இருக்கும் வழக்கமான அட்டவணை இது:

ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக்: 50%, வயது எதுவானாலும்.
ஃபைபர் கிளாஸ் பாகங்கள்: 30%.
கண்ணாடி: கழிவு இல்லை.
உலோக பாகங்கள்: 6 மாதம் வரை இல்லை, 1 வருடம் வரை 5%, 2 வருடம் வரை 10%, 3 வருடம் வரை 15%, 4 வருடம் வரை 25%, 5 வருடம் வரை 35%, 10 வருடம் வரை 40%, அதற்கு மேல் 50%.
பெயின்டிங்: பொருள் செலவில் மட்டும் 50%. பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் இருந்தால் மொத்தத்தில் 25% பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நம் காருக்கு வயது 3 வருடம் 4 மாதம், ஆகவே உலோகத்துக்கு 25%. முன்பக்கம் அடிபட்டு வந்த எஸ்டிமேட் இப்படி: பம்பர் 8,000, கதவு 12,000, முன் கண்ணாடி 6,500, கழற்றி மாட்டும் கூலி 5,000, பெயின்டிங் மொத்தமாக 10,000. கூட்டினால் 41,500 ரூபாய்.

பம்பர் பிளாஸ்டிக், பாதி போகிறது: 4,000. கதவில் 25%: 3,000. கண்ணாடியிலும் கூலியிலும் கழிவு இல்லை. பெயின்டிங்கில் 10,000-இன் கால் பகுதி 2,500, அதில் பாதி 1,250. ஆக தேய்மானக் கழிவு 8,250. இது போக, 1,500 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் (அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000). கம்பெனி தருவது 32,250, உங்கள் கையிலிருந்து 9,250. கழற்றிய பழைய கதவுக்கு இரும்பு விலை போட்டு இன்னும் கொஞ்சம் கழிக்கவும் செய்வார்கள்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுச் சர்வேயரிடம் பேசுங்கள். தவறு நடக்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, பெயின்டிங் தொகை முழுவதற்கும் 50% போட்டுவிடுவது. இன்னொன்று வயது. வண்டியின் வயதை விபத்து நடந்த நாளை வைத்துக் கணக்கிட வேண்டும். மூன்று வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அடிபட்டிருந்தால் 15%தான், பில் போடுவதற்குள் மூன்று வருடம் தாண்டிவிட்டது என்று 25% போடக்கூடாது.

டயர் மட்டும் வெடித்தால் கிளெய்ம் கிடையாது. அதே விபத்தில் வண்டியும் சேதமாகியிருந்தால்தான் டயருக்குப் பணம், அதுவும் பாதி விலைதான்.

ஜீரோ டெப், அதாவது பேச்சு வழக்கில் பம்பர் டு பம்பர், எடுத்திருந்தால் மேலே சொன்ன 8,250 உங்களுக்கு மிச்சம். கட்டாயப் பிடித்தம் அப்போதும் உண்டு. வருடத்துக்கு எத்தனை கிளெய்ம், டயருக்கும் பேட்டரிக்கும் பொருந்துமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பாமல் பத்திரத்தில் தேடிப் பாருங்கள். இந்தக் காலத்துக் கார்களின் முன்பக்கத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்தான். நகர நெரிசலில் ஓட்டுகிறவருக்கு, வண்டி புதிதாக இருக்கும்வரை இந்தக் கூடுதல் பிரீமியம் வீண் செலவில்லை என்பதே எங்கள் கருத்து.

இன்சூரன்சுக்குள்ளேயே இன்னொரு தேய்மானமும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். வண்டி திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ கிடைக்கும் தொகைக்கு ஐ.டி.வி. என்று பெயர். கார் கம்பெனியின் அன்றைய பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து அதைப் போடுவார்கள்: 6 மாதம் வரை 5%, 1 வருடம் வரை 15%, 2 வருடம் வரை 20%, 3 வருடம் வரை 30%, 4 வருடம் வரை 40%, 5 வருடம் வரை 50%. அதற்கு மேல் இருதரப்பும் பேசி முடிவு செய்வது. பாலிசி தொடங்கும்போது 3 வருடம் தாண்டிவிட்டதால் நம் காருக்கு 40%, ஐ.டி.வி. 4,80,000. ரிப்பேர் செலவு இதில் 75%-ஐ, அதாவது 3,60,000-ஐ, தாண்டினால் முழுச் சேதம் என்று முடித்துவிடுவார்கள். பிரீமியம் குறைகிறதே என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டால் இந்த எல்லையும் சேர்ந்து கீழே வரும்.

ஆடிட்டர் போடும் தேய்மானம்

வருமான வரியில் இதைத் தொழில் செய்கிறவர்தான் கழிக்க முடியும். சம்பளக்காரர் தன் சொந்தக் காருக்குப் போட முடியாது. தொழிலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஓட்டினால் வீட்டு உபயோகத்தின் பங்கை அதிகாரி வெட்டுவார், எத்தனை கி.மீ. எதற்காக ஓடியது என்று ஒரு நோட்டுப் போட்டு வைத்தால் அந்த வெட்டு நியாயமாக இருக்கும்.

காருக்கு 15%. வாடகைக்கு ஓடும் லாரி, பஸ், டாக்சிக்கு 30%. ஒவ்வொரு வருடமும் மீதி இருக்கும் மதிப்பில்தான் சதவீதம். 8 லட்சத்துக்கு முதல் வருடம் 1,20,000 போய் 6,80,000. இரண்டாம் வருடம் 1,02,000 போய் 5,78,000. மூன்றாம் வருடம் 86,700 போய் 4,91,300. நாலாம் வருடம் 73,695 போய் 4,17,605.

முதல் வருடத்தில் ஒரு பொறி உண்டு. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும். மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 3-க்குள் வண்டி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும் (பிப்ரவரிக்கு 29 நாள் வரும் ஆண்டில் அக்டோபர் 4). ஆயுத பூஜைக்கு டெலிவரி எடுப்பது நம் ஊர் வழக்கம். அது சில வருடம் இந்தத் தேதிக்கு முன்னால் வரும், சில வருடம் பின்னால் வரும். பின்னால் வந்தால் முதல் வருடக் கழிவு 60,000-தான். பாதி தொலைந்துவிடவில்லை, மீதி மதிப்பு 7,40,000-ஆக நின்று பிற்காலத்தில் கழியும். புக் செய்த நாளோ பில் போட்ட நாளோ மட்டும் போதாது, தொழிலுக்கு ஓடத் தொடங்கிய நாள்தான் கணக்கு.

"இந்த வருஷம் லாபம் கம்மி, தேய்மானம் வேண்டாம், அடுத்த வருஷம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்றும் செய்ய முடியாது. நீங்கள் கேட்காவிட்டாலும் கழித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கணக்குப் புத்தகம் இல்லாமல் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டுகிறவருக்கும் இதே நிலைதான். தேய்மானம் அந்தச் சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது, ஆனாலும் வண்டியின் மதிப்பு வருடாவருடம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னொரு கணக்கும் வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சதவீதம் சொல்லாமல் ஆயுளைச் சொல்கிறது: காருக்கு 8 வருடம், கடைசியில் நிற்கும் மதிப்பு அதிகபட்சம் 5%. வருடம்தோறும் ஒரே தொகை என்றால் 8 லட்சத்தில் 5% போக 7,60,000-ஐ எட்டால் வகுத்து 95,000. பேலன்ஸ் ஷீட்டில் இந்த எண் இருக்கும், வரிக் கணக்கில் 15% எண் இருக்கும். இரண்டும் வேறாக இருப்பதைப் பார்த்துத் தப்பு என்று நினைக்க வேண்டாம், வேறாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் பையிலிருந்து போகும் தேய்மானம்

இது எந்தப் படிவத்திலும் வராது, ஆனால் ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்ய இதுதான் உதவும். சாலை வரி, பதிவு எல்லாம் சேர்த்து வண்டி வெளியே வந்தபோது 9,20,000 போயிருக்கிறது. ஐந்தாம் வருடம் 45,000 கி.மீ. ஓடியபின் 4,70,000-க்கு விற்கிறது. வித்தியாசம் 4,50,000, ஒரு கி.மீ.க்கு 10 ரூபாய். டயர் ஒன்று 5,000 என்று நாலுக்கு 20,000, அவை 40,000 கி.மீ. ஓடினால் ஒரு கி.மீ.க்கு 50 பைசா. டயருக்கு இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் அந்தப் பத்து ரூபாயைக் கண்டுகொள்வதே இல்லை. குறைவாக ஓட்டினால் இது இறங்காது, ஏறும். வண்டி ஷெட்டில் நின்றாலும் சந்தை விலை வயதால் இறங்கிக்கொண்டே இருக்கும்.

நாலும் ஒன்றோடொன்று மோதும் இடம்

விற்கும்போது. ஐந்தாம் வருடம் 4,70,000-க்கு விற்றோம், வரிக் கணக்கில் நின்ற மதிப்பு 4,17,605. ஒரே சதவீதம் பெறும் இயந்திரங்களையும் வண்டிகளையும் வரிக் கணக்கில் ஒரே தொகுப்பாகத்தான் பார்ப்பார்கள். அந்த 15% தொகுப்பில் வேறு எந்த இயந்திரமும் இல்லை என்றால், விற்ற வருடத்துக்குத் தேய்மானம் கிடையாது, வித்தியாசமான 52,395 குறுகிய கால மூலதன லாபமாக வரிக்கு வரும். கையில் நாலரை லட்சம் நஷ்டம், ஆனால் வரி கட்ட வேண்டியது லாபத்துக்கு! தொகுப்பில் கடையின் ஜெனரேட்டரோ வேறு வண்டியோ இருந்தால் விற்ற தொகையைத் தொகுப்பின் மதிப்பிலிருந்து கழித்துவிட்டு மீதிக்குத் தேய்மானம் தொடரும். புது வண்டி வாங்குவதாக இருந்தால் பழையதை விற்கும் அதே நிதியாண்டுக்குள் வாங்குவது இதனால்தான் நல்லது.

இன்சூரன்ஸ் பணமும் இந்த வலையில் விழும். நாலாம் வருடம் வண்டி முழுச் சேதமாகி ஐ.டி.வி. 4,80,000-இல் கட்டாயப் பிடித்தம் போக 4,79,000 வந்தால், சட்டத்தின் கண்ணில் அது விற்ற விலை மாதிரிதான். அப்போது புத்தகத்தில் நிற்பது 4,91,300. தொகுப்பு காலியானால் 12,300 குறுகிய கால மூலதன நஷ்டம். ஆகவே கம்பெனி தரும் செட்டில்மென்ட் கடிதத்தின் நகலை அன்றைக்கே ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். ஆர்.சி. ரத்தான தேதியையும் அதில் குறித்து அனுப்பினால், இல்லாத வண்டிக்கு அடுத்த மார்ச்சில் மீண்டும் 15% போட்டுவிட்டு நோட்டீசுக்குப் பதில் எழுதும் வேலை வராது.